எத்தனை லெட்சுமிகள், எத்தனை மரியாள்கள்

"உங்கம்மா மகாலட்சுமிலா. அப்படி ஒரு பொம்பளைய இந்தத் தோட்டமே பாத்ததில்ல."

மூன்றாவது ஆளும் இப்படிப் புகழ்ந்தபோது எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

சுங்காயிலிருந்து மாட்டுவண்டியில் உள்ளே போக வேண்டிய ஒரு ரப்பர் தோட்டம் அது. பால்வெட்டு முடிந்து பெண்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பியிருந்த மத்தியானம். குழாயடியில் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு, கையில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பாலை நூல் நூலாக உரித்துக்கொண்டே என்னிடம் பேசினார்கள். நான் ஈப்போவிலிருந்து சப்பாத்தும் குடையுமாக வந்து நின்ற டீச்சர். என் சப்பாத்து சேற்றில் புதைந்திருந்ததை எல்லாரும் பார்த்தார்கள், மரியாதைக்காக ஒருவரும் சிரிக்கவில்லை.

என்னை அழைத்துப் போனவர் மேரி அக்கா. மிஷனுக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய், ஜெபமும் செய்து புண்ணுக்கு மருந்தும் கட்டிவிட்டு வருபவர். "செத்துப்போன லெட்சுமியோட மக, மிஷன்ல வளந்த புள்ள, இப்ப டீச்சர்" என்று அவர் சொன்னதுதான் தாமதம். குழாயடி முழுக்க என் அம்மாவைத் தெரிந்தவர்களாகிவிட்டார்கள்.

முதல் பெண் சொன்னாள், "அவ பாடுனா மரம் கேக்கும்." இரண்டாமவள், "ரெண்டு பால் வாளியத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான்னா ஆம்பளைங்க ஒதுங்கி நிப்பாங்க" என்றாள். மூன்றாமவள்தான் மகாலட்சுமி என்றவள். மூவரும் ஒரே மாதிரி முடித்தார்கள்.

"உன்ன மடியில வச்சிக்கிட்டுத்தான் கண்ண மூடுனா, தாயீ."

இதைக் கேட்கவா வந்தேன்? இதைத்தான் கேட்க வேண்டுமென்று பிள்ளை வயது முழுக்கக் காத்திருந்தேன். ஆனால் அதற்குள் ஒரு மனிதர் என் காதைக் கெடுத்துவைத்திருந்தார்.

நீல முக்காடு

இதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பின்பாதியில் நடந்தது. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். ஈப்போவில் மிஷன் பெண்கள் இல்லத்தில் வளர்ந்து, அதே மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு டீச்சரான புதிது.

என் தாயைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது ஒரே மூச்சில் முடிந்துவிடும். பெயர் லெட்சுமி. சுங்காய் பக்கத்துத் தோட்டம். நான் கைக்குழந்தையாய் இருந்தபோது செத்துப்போனாள். தோட்டத்து ஆட்கள் என்னை மிஷனில் கொண்டுவந்து விட்டார்கள். அப்பாவைப் பற்றி அதுவும் கிடையாது. எஸ்தர் என்ற பெயர்கூட மிஷன் வைத்ததுதான்.

முகம் தெரியாத தாயோடு ஒரு பிள்ளை என்ன செய்யும்? ஞாயிற்றுப் பள்ளிச் சுவரில் மரியாளின் படம் தொங்கியது. நீல முக்காடு, பால் நிறம், சாய்ந்த கழுத்து. அந்த முகத்தை எடுத்து என் அம்மாவுக்கு வைத்துக்கொண்டேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தமிழச்சிக்கு வெள்ளைக்காரி முகம் எப்படி வரும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. படுக்கையில் அந்த நீல முக்காட்டின் முனையைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போவேன்.

இல்லத்தில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் பலர் இருந்தோம். ஒவ்வொருத்தியும் தன் அம்மாவைப் பற்றிக் கதை சொல்வாள். எல்லா அம்மாக்களும் அழகாயிருந்தார்கள், எல்லாரும் பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டே செத்தார்கள். ஒரு கதையையும் நாங்கள் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. கேட்டால் நம்முடையதும் போய்விடும் அல்லவா!

சாமுவேல் மாஸ்டர் வைத்த வெடி

என் காதைக் கெடுத்தவர் சாமுவேல். இன்றைக்குப் பல்செட்டைத் தொலைத்துவிட்டு என்னைத் திட்டுகிற என் வீட்டுக்காரர். அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்திய ஒல்லி வாத்தியார். காலர் மட்டும் எப்போதும் விறைப்பாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கோயில் மண்டபத்து வாலிபர் கூட்டத்தில் அவர் பேசினார். தலைப்பு, இயேசுவைப் பற்றி வரலாறு என்ன சொல்ல முடியும் என்பது. தலைப்பைப் பார்த்தே சபை மூப்பர் அருளப்பன் முன்வரிசையில் வந்து கைகட்டி உட்கார்ந்துவிட்டார். பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெஸராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் புண் மாதிரிப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்.

சாமுவேல் சுவரில் தொங்கிய இயேசு படத்தைக் காட்டித் தொடங்கினார். பொன் நிற முடி, நீலக் கண்.

"இது ஆரின்ரை முகம்? வரைஞ்சவன்ரை ஊர் முகம். அவரைப் பாத்து ஒருத்தரும் வரைஞ்சதில்லை. அவர் தன்ரை கையாலை ஒரு வரி எழுதி வச்சதாயும் இல்லை. எழுதினவை ஒரு தலைமுறை கழிச்சு, அவர் பேசாத பாஷையிலை எழுதினவை."

மண்டபத்தில் விசிறிகள் நின்றன. நான் என் நீல முக்காட்டை நினைத்தேன்.

வெளியார் என்ன எழுதினார்கள் என்று அடுத்ததாகச் சொன்னார். ஒரு ரோமர், ஒரு யூதர், சில வரிகள். அந்தச் சில வரிகளிலும் பின்னால் யாரோ பக்தியோடு கை வைத்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். ஆக மிஞ்சுவது நான்கு சுவிசேஷங்கள், அதற்கும் முன்னால் எழுதப்பட்ட சில நிருபங்கள். அவற்றை எழுதியவர்களோ அவரை நேசித்தவர்கள். நேசிக்கிறவன் சொல்வதில் எது நடந்தது, எது நேசத்தில் வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

"சொல்லுறவருக்கே சங்கடமாய் இருக்கிற இடத்தைப் பாருங்கோ" என்றார் சாமுவேல். "தங்கடை குருவை உயர்த்த எழுதுறவை, அவருக்குக் குறைச்சல் எண்டு தெரிஞ்சும் ஒண்டை விடாமல் எழுதியிருந்தால், அது நடந்திருக்கவேணும். இட்டுக்கட்டுறவன் ஏன் தனக்கே தலைகுனிவைத் தேடப்போறான்?"

அப்படிப் பார்த்தால் கையில் நிற்பவை இவை என்றார். ஒருவரும் மதிக்காத நாசரேத்து அவர் ஊர். வேறொருவரிடம், யோவானிடம், ஞானஸ்நானம் வாங்கினார். பாவமே இல்லாதவருக்கு எதற்கு என்று பின்னால் எழுதியவர்கள் திணறுகிறார்கள். சொந்தக் குடும்பமே அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பிடித்துக்கொண்டுபோக வந்தது. ஊர் ஒதுக்கியவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பிடிபட்ட அன்று கூட இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள். பிலாத்து காலத்தில், அடிமைக்கும் கலகக்காரனுக்கும் கொடுக்கிற சாவு அவருக்குக் கிடைத்தது.

"பேர்ச் சிக்கலும் இருக்கு" என்றார். "இயேசு எண்ட பேர் அந்த நாட்டிலை தடுக்கி விழுந்தால் ஒருத்தருக்கு இருந்தது. மரியாள் அதைவிட. கல்லறைக்குப் போன மரியாள் வேறை, காலுக்குத் தைலம் பூசின மரியாள் வேறை, பேரே சொல்லாத பாவியான பொம்பிளை வேறை. பின்னாலை வந்தவை மூண்டு பேரையும் ஒரே ஆளாக்கிப்போட்டினம்."

மூப்பர் எழுந்தார். "மாஸ்டர், அப்ப மத்ததெல்லாம் பொய்யாலா? நேரா சொல்லுங்க."

"பொய் எண்டு நான் சொல்லேல்லை ஐயா. அது விசுவாசத்தின்ரை காரியம். வரலாற்றுக்குக் கை கட்டை. எட்டினதைத்தான் தொடும்."

"கட்டைக் கைய வச்சிக்கிட்டு கர்த்தரத் தொடலாமா?" என்றார் மூப்பர். மண்டபம் இரண்டுபட்டது. அடுத்த ஞாயிறே சாமுவேலின் ஞாயிற்றுப் பள்ளி வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கலவரத்தில் இயேசுவை விட்டுவிட்டுத் தன் தாயை நினைத்துக்கொண்டிருந்த பாவி நான் ஒருத்திதான். படியில் அவரை நிறுத்தினேன்.

"மாஸ்டர், இதெல்லாம் பெரியவங்களுக்கு மட்டும்தானா? சாதாரண ஆளுக்கும் பாக்கலாமா?"

"ஆரைப் பாக்கப்போறியள்?"

"எங்கம்மாவ."

அவர் காலரைத் தடவிக்கொண்டார். "கண்ட ஆக்கள் உயிரோடை இருக்கேக்கை போய்க் கேளுங்கோ, ரீச்சர். ஆனால் எல்லாரும் ஒரேமாதிரி நல்லது சொன்னால் சந்தோசப்பட்டுடாதேங்கோ."

சந்தோஷப்படாதே என்று சொன்ன மனிதரைத்தான் பிற்பாடு கட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

குழாயடி வழக்கு

இப்போது தெரிந்திருக்கும், சுங்காய் குழாயடியில் எனக்கு ஏன் எரிச்சல் வந்ததென்று. பாடினால் மரம் கேட்கும் என்றவள் தானே நல்ல பாட்டுக்காரி. வாளி தூக்கிய கதை சொன்னவளின் தோள் ஆண் பிள்ளைத் தோள். மகாலட்சுமி என்றவள் நெற்றி நிறையக் குங்குமம். ஒவ்வொருத்தியும் தன் முகத்தைத்தான் என் அம்மாவுக்கு மாட்டினாள். நான் நீல முக்காடு மாட்டியதைப்போல.

"எங்கம்மா கறுப்பா, செவப்பா?" என்று கேட்டேன்.

"செவப்பி. கட்டையா, லட்சணமா இருப்பா" என்றாள் மகாலட்சுமிக்காரி.

"யாரு? நெடுநெடுன்னு கறுப்பால்ல இருப்பா!" என்றாள் பாட்டுக்காரி.

"அது பள்ளத்து லெட்சுமிடி."

"பள்ளத்து லெட்சுமி பினாங்குக்குல்ல போனா. நான் சொல்றது கட்டை லெட்சுமி."

குழாயடியில் வழக்கு பற்றிக்கொண்டது. கப்பலேற்றும்போது கங்காணி வாயில் வந்த பெயரைச் சொல்லிப் பதிந்துவிடுவாராம். விடிகாலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும்போது லெட்சுமி என்று ஒரு குரல் கொடுத்தால் பாதி வரிசை "இருக்கேன்" என்னுமாம். செத்த லெட்சுமிகள், ஊர் திரும்பிய லெட்சுமிகள், வேறு தோட்டம் போன லெட்சுமிகள் எல்லாரும் சேர்ந்து இத்தனை வருஷத்தில் ஒரே லெட்சுமியாகி, என்னை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

மேரி அக்கா என் கையைப் பிடித்தார். "போதும் எஸ்தரு. நல்ல அம்மான்னு நெனச்சிட்டுப் போலாம். எதுக்குக் கிண்டுற?"

"ஆயா கிட்ட கேட்டாச்சா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். உடனே எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைக் கொட்டகைக் காமாட்சி ஆயா. வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். "அவ கிட்டப் போகாத தாயீ, கடிச்சிருவா."

இருட்டில் தடவும் கை

அன்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்தோம். இன்னும் இருட்டாக இருக்கும்போதே பெரட்டு மணி அடித்தது. நான் எழுந்து பிள்ளைக் கொட்டகைக்குப் போனேன்.

கொட்டகையின் குறுக்குக் கம்பில் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் தோட்டத்தில் கொடுத்த மாவுச்சாக்குத் துணி, ஒன்றைப்போலவே ஒன்று. பெண்கள் இடுப்பில் பிள்ளையும் கையில் பால்வெட்டுக் கத்தியுமாக ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். ஒருத்தியிடமும் விளக்கு இல்லை. கையால் தடவித் தடவித் தன் தொட்டிலைக் கண்டுபிடித்துப் பிள்ளையைப் போட்டுவிட்டு மணிச் சத்தத்தை நோக்கி ஓடினார்கள்.

ஒரு குழந்தையைத் தொட்டிலில் விட ஒத்தாசை செய்யலாமென்று கை நீட்டினேன். "அது இல்ல! கிழிசலப் பாரு!" என்று ஒரு அதட்டல் வந்தது. அதுதான் காமாட்சி ஆயா.

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு தொட்டில் கயிற்றிலும் ஒரு சேலைக் கிழிசல் கட்டியிருந்தது. தாயின் பழைய சேலையிலிருந்து கிழித்தது. தாய்க்கு அடையாளம், பிள்ளைக்கு வாசம். அது முகத்தில் பட்டால்தான் சில பிள்ளைகள் தூங்கும்.

கூட்டம் போனபின் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் யார் என்று அவளுக்கு நேற்றே தெரிந்திருக்கும். தோட்டத்தில் எந்த ரகசியமும் தங்காது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சரம்மா. பசியாறிட்டு வண்டியப் புடிங்க" என்றாள்.

"ஆயா, எங்கம்மாவப் பத்தி நல்லது சொல்ல வேணாம். அத எல்லாரும் சொல்லிட்டாங்க. யாரும் சொல்லாதது ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"நீ கடைசி நெரை லெட்சுமி மக" என்றாள். மரியாதை போய் 'நீ' வந்திருந்தது. "பாட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. வந்து கொஞ்ச நாள்தான். யாரோடயும் சேர மாட்டா. காட்டு ஓரத்துக் கடைசி மர நெரைதான் அவளுக்கு. அவ சாவல."

வெளியே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டது சரிதானா என்று தெரியவில்லை.

"ஓடிட்டா. ஒன்ன இங்க விட்டுட்டு ஓடிட்டா. அன்னிக்கு ஒன் தொட்டில்ல கிழிசல் இல்ல. முழுச் சேலையையும் கொண்டாந்து ஏணை கட்டுனா. ஊர்லருந்து கொண்டாந்த சேலை, அவகிட்ட இருந்த ஒரே நல்ல சேலை. இதப் போயி கட்டுறியேடின்னு திட்டுனேன். 'துணி இளசா இருக்குக்கா, நல்லாத் தூங்கட்டும்'னா. ஒன்ன ஆட்டித் தூங்க வச்சிட்டுத்தான் போனா. பெரட்டுக்கு நேரமாச்சுன்னு நான் கத்துறேன், அவ ஆட்டுறா. மத்தியானம் எல்லாத் தாயும் பால் குடுக்க வந்தாங்க. அவ வரல. கத்தியும் வாளியும் கடைசி மரத்துல மாட்டியிருந்துச்சு."

"ஏன் ஓடுனாங்க?"

"தெரியாது. கங்காணி ஒண்ணு சொன்னான், லயத்துல ஒண்ணு சொன்னாங்க. நான் பாக்கல. பாக்காதத சொல்ல மாட்டேன்."

"செத்துட்டாங்கன்னு ஏன் சொன்னீங்க?"

"ஓடுனவ புள்ளன்னா மிஷன்ல எடுப்பாங்களோ மாட்டாங்களோ? செத்துட்டான்னு சொல்லிக் குடுத்தோம். சொல்லிச் சொல்லி இவளுங்களுக்கு நெசமாவே செத்துட்டா."

என்னால் நம்ப முடியவில்லை. நம்பாமலிருக்கவும் முடியவில்லை. இவளும் ஒரு லெட்சுமியை இன்னொரு லெட்சுமியோடு கலந்திருந்தால்? அப்போது ஆயா தலையைத் திருப்பி, தொட்டில் வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒன்ன மிஷனுக்குக் கொண்டுபோறப்ப அந்தச் சேலையும் கூட வந்திருக்கணும். ஒன்னோட பொருள் அது. நான் குடுத்துவிடல. நல்ல சேலைன்னு எடுத்து வச்சிக்கிட்டேன். பொங்கலுக்குக் கட்டுனேன், கோயிலுக்குக் கட்டுனேன், கட்டியே கிழிச்சேன்."

இதை எந்த ஆயா இட்டுக்கட்டிச் சொல்வாள்? சாமுவேல் சொன்ன சங்கடமான இடம் என் முன்னால் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்தச் சேலையைத் தொட்டு உடுத்திய கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலிருந்தது. பிடித்துக்கொண்டேன். அவள் உதறவில்லை.

"என்ன கலரு ஆயா?"

"கத்தரிப்பூ." கொஞ்சம் யோசித்தாள். "இல்ல, அரக்கோ? கரை மஞ்சள். அது நல்லா ஞாபகம் இருக்கு. மஞ்சக் கரை."

மஞ்சள் கரை

ஈப்போ ரயிலடியில் மழைக் குடையோடு சாமுவேல் நின்றிருந்தார். என்ன கிடைத்தது என்று கேட்டார்.

"அம்மா ஓடிப்போனாங்க. போறதுக்கு முந்தி என்னத் தூங்க வச்சிட்டுப் போனாங்க. சேலைக்கு மஞ்சக் கரை. அவ்வளவுதான்."

"அவ்வளவும் பெரிசு" என்றார் அவர்.

பெரிதுதான். ஆனால் அதோடு ஒரு நோயும் வந்தது. செத்தவளுக்காக ஏங்குவது ஒருவிதம், அதற்கு ஒரு மூலை ஒதுக்கி வைத்துவிட்டுப் பிழைப்பைப் பார்க்கலாம். உயிரோடு எங்கோ இருக்கிறவளுக்காக ஏங்கினால் வீதி முழுக்க ஏங்க வேண்டியிருக்கிறது. லூமுட் படகுத்துறையில் தலையில் கூடையோடு இறங்கும் பெண்கள், பத்து காஜா சந்தையில் கீரை விற்பவர்கள், தைப்பூசக் கூட்டம். அம்மா வயதில் யார் போனாலும் பார்ப்பேன். மஞ்சள் கரை போனால் முன்னால் ஓடிப்போய் முகத்தைப் பார்ப்பேன்.

கல்யாணமான புதிதில் சாமுவேல் பொறுக்க முடியாமல் ஒருநாள் சொன்னார். "எஸ்தர், அந்தச் சேலையை விட்டிட்டல்லோ அவ போனவ? ஆயா கட்டிக் கிழிச்சும் போட்டா. மஞ்சள் கரையோடை வாறவ ஆராயிருந்தாலும், அந்தச் சேலையாலை உம்மடை அம்மா எண்டு சொல்ல ஏலாது."

"தெரியும்" என்றேன். நாலாவது சுவிசேஷத்தில் விடியும் முன் கல்லறைக்குப் போன மரியாளின் கதையில், உள்ளே இயேசுவின் உடலைச் சுற்றிய துணி மட்டும் கிடந்தது என்று வருகிறது. வரலாற்றின் கட்டைக் கை அதைத் தொடாது என்று இவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவள் வெளியே நின்று அழுதுகொண்டு, வருகிறவரிடமெல்லாம் அவரை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாளே, அதை நான் விளங்கிக்கொள்ள எந்தச் சரித்திர வாத்தியாரும் தேவைப்படவில்லை.

இப்போது என் வயதைப் பார்த்தால் அம்மா இருக்க வழியில்லை. எனக்கே முட்டி மடங்க மாட்டேனென்கிறது. போன வாரம் ஈப்போ பசாரில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒரு மஞ்சள் கரை போனது. வெற்றிலையை அங்கேயே போட்டுவிட்டு, இடித்துப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் முகத்தைப் பார்த்தேன். இருபது வயது கூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு.

"என்னாம்மா, யாரத் தேடுறீங்க?" என்றாள்.

வாயில் வந்துவிட்டது. "எங்கம்மாவ."

அவள் சிரிக்கவில்லை. என் தலை நரையைப் பார்த்தாள். இந்த வயதில் இவளுக்கு ஒரு அம்மா இருந்தால் எவ்வளவு தளர்ந்திருப்பாள், கூட்டத்தில் எங்கே விழுந்து கிடக்கிறாளோ என்று பயந்துவிட்டாள் போலிருக்கிறது. கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, எட்டி எட்டி நாலு பக்கமும் பார்த்தாள்.

"என்ன கலர் சேலைம்மா கட்டியிருந்தாங்க?"

"கரை மஞ்சள்" என்றேன். "சேலை என்ன கலர்னு தெரியாது."

"சரி, நீங்க அந்தப் பக்கம் பாருங்க. நான் இந்தப் பக்கம் பாக்குறேன்" என்றாள்.

வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் காட்டிய பக்கம் போய்த் தேடினேன்.